பாதி எடை

பஹாவ் கடைத்தெருவில்
ஆ கியோங் டயர்க்கடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.

காலை பதினொன்று ஐந்துக்கு
ஆலையின் எடைப்பாலக் கூண்டிலிருந்து யோகமலர்:
"அக்கா, வெல எறங்கிருச்சு லா.
டன்னுக்கு எண்ணூத்திப் பன்னெண்டு இல்ல,
எழுநூத்தித் தொண்ணூத்தாறு.
இப்பவே மாத்தணுமாம்.
ஆனா சிஸ்டம் நிக்கக் கூடாதாம்."

வெளியே பதினேழு லோரி.
குலைகளின் மேல் வெயில்.

நிறுத்தி எழுப்ப நாற்பது வினாடி போதும்.
ஆனால் கண் விழிக்கும் செயலிக்கு
உள்ளே போனவர்களை நினைவிருக்காது.
போன மாதம் அப்படித்தான்
பாக்சிக் ஹாலிமின் பதினோரு டன்
பேரில்லாமல் கிடந்தது.
கூண்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
அசார் வரை உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் இதைச் செய்தேன்:
செயலி ஓடட்டும்,
ஓடியபடியே அமைப்புக் கோப்பை ஓரக்கண்ணால் பார்க்கட்டும்,
மாறினால் அடுத்த மூச்சில் வாசித்துக்கொள்ளட்டும்.

திறக்கிறேன்.
இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எண்.
812ஐ அழித்து 796.
சேமிக்கிறேன்.
திரையில் ஒரே வரி:
அமைப்பு மீண்டும் வாசிக்கப்பட்டது, 11:09:41.

நிற்பது லோரி. ஓடுவது நிரல்.
ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்றியவளின் கர்வத்தோடு
சன்னல் வழியே கீழே பார்த்தேன்.
ஆ கியோங்
ஜாக்கி வைத்துத்தான் மாற்றிக்கொண்டிருந்தான்.

பதினொன்று பத்து. மறுபடி யோகமலர்.
"அக்கா, சகாதேவண்ணன் சீட்டு..."

பாரத்தோடு ஏறியது பதினொன்று இரண்டுக்கு,
பலகையில் 812 இருந்தபோது.
பழத்தைக் கொட்டிவிட்டுக் காலியாக ஏறியது இப்போது.
ஒன்பது டன் நானூறு கிலோ.
நூற்றைம்பது வெள்ளி நாற்பது காசு குறைவு.

அவர் சண்டை போடவில்லையாம்.
சீட்டை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்"
என்றாராம்.

மெஷின் சொல்லவில்லை, அண்ணே.
கணக்கு முடிகிற நொடியில் விலையைக் கேள் என்று
அதற்குச் சொல்லி வைத்தவள் நான்,
போன வருஷம், ஒரு தூக்கக் கலக்கத்தில்.

இந்த ஊரில்
யாரும் எதையும் நிறுத்திவிட்டு மாற்றியதில்லை.
தோட்டத்துப் பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது,
அந்த மூன்று நாளும் விடியலில் பெரட்டு நடந்தது.
பால்மரம் சாய்ந்தது, செம்பனை வந்தது,
ஒரு சம்பளநாளும் தள்ளிப்போகவில்லை.
பலகை மாறிய காலையில்
பாதி நிரையில் நின்றிருந்தவர்களின் சர்வீஸ்
எந்தக் கம்பெனி கணக்கு என்பதை மட்டும்
யாரும் எழுதி வைக்கவில்லை.
அப்பாவின் வழக்கு லேபர் ஆபீசில் ஆறு வருஷம்.

சரி.
பாலத்தில் ஏறும்போதே
அந்நேரத்து விலையை லோரியோடு கட்டிவிடு,
அது இறங்கும்வரை அவிழ்க்காதே.
நான்கு வரிதான்.
ஆனால் இது அமைப்பு இல்லை, நிரல்.
இதை ஓட்டத்தில் மாற்ற முடியாது.

"மலர், தடுப்புக் கம்பியைப் போடு.
புதுசா யாரும் ஏற வேணாம்.
உள்ளே இருக்கிறவங்க வெளியே வரட்டும்."
"மூணு பேரு இருக்காங்க."
"அவங்களுக்குப் பழைய வெல. கையால எழுது.
சகாதேவண்ணனுக்கும்."
"அவரு போயிட்டாரு அக்கா."
"நோட்டுல எழுது. சிவப்புப் பேனால."

மூன்றாவது லோரி இறங்கியது.
நிறுத்தினேன்.

திரை கறுப்பு.
பதினேழு லோரியும் என்ஜினை அணைக்கவில்லை என்று
போன் வழியே கேட்டது.
இன்னொரு அழைப்பு, மேனேஜர்.
எடுக்கவில்லை.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
கீழே
ஆ கியோங் ஜாக்கியை இறக்குகிறான்,
கிறீச் கிறீச்சென்று,
மெதுவாக.